சயனச் சீர்திருத்தவாதி

இங்கிலாந்தில் வசந்தகால வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் கேம்பர் வேன்கள் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பிவிடும். டெவன், கார்ன்வால் கடலோரமோ ஏரி மாவட்டத்தின் மலையடிவாரமோ, எந்தக் கேம்பிங் மைதானத்துக்குப் போனாலும் காலையில் ஒருவரைப் பார்க்கலாம். வேனின் பக்கக் கதவைத் திறந்து, தலை உள்ளேயும் மற்றதெல்லாம் வெளியேயுமாகக் குனிந்து நிற்பார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று உதவிக்குப் போக வேண்டாம். மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்.

ஓய்வுபெற்ற இன்ஜினியராகவோ கணக்கு வாத்தியாராகவோ இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் இஞ்சு டேப். "ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா?" என்று மரியாதைக்குக்கூட இவரிடம் கேட்டுவிடக் கூடாது. அந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு "ஓ, பிரமாதமாக" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவதுதான் முறை. இவர் மட்டும் உண்மையைச் சொல்வார். படம் வரைந்து பாகங்களைக் குறிப்பார்.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் அவருடையது அல்ல. வேனுக்குள் இருக்கும் அந்த சோபா கம் பெட்டினுடையது. 1951-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி, ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைக்க 'கேம்பிங் பாக்ஸ்' என்று ஒன்றைச் செய்து விற்ற காலத்திலிருந்தே இந்தச் சாமான் பகலில் ஒரு வேஷம், இரவில் ஒரு வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. உட்காரும் இருக்கை என்றால் ஃபோம் கெட்டியாக இருக்க வேண்டும். பிரேக் போட்டால் ஆள் முன்னால் வழுக்காமல் இருக்க, பின்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். படுக்கை என்றாலோ மெத்தென்று, மட்டமாக, சரிவே இல்லாமல் வேண்டும். ஆசனம், படுக்கை ஆகிய இரண்டு உத்தியோகத்தையும் ஒழுங்காகப் பார்த்தது ஆதிசேஷன் ஒருவன்தான். அங்கேகூடப் பெருமாள்தான் நீட்டிப் படுத்திருக்கிறார், பிராட்டி காலடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இடம் அப்படி. ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா வேனின் பழைய மாடல்களில் கீழ்ப் படுக்கை சுமார் 114 சென்டிமீட்டர் அகலம். ஆளுக்கு 57. பிரிட்டனில் விற்கும் சாதாரணக் குழந்தைத் தொட்டில் மெத்தை 60 சென்டிமீட்டர். அதாவது, பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் இடம்கூட, நாற்பது வருஷம் வரி கட்டிய மனிதருக்குக் கிடையாது. இந்தக் கணக்கை வேன் வாங்குவதற்கு முன்னால் எவரும் போடுவதில்லை. முதல் இரவில் ஒன்றரை மணிக்கு, சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது மனக்கணக்காகத் தானே வந்துவிடுகிறது. அதுவும் சரிபாதி என்பது காகிதத்தில்தான். மனைவி அயர்ந்து தூங்கிய பிறகு அவள் பங்கு 70, இவர் பங்கு 44.

அகலத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சீர்திருத்தம் பள்ளத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இருக்கைப் பாதியும் சாய்மானப் பாதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. ஆள் எப்படிப் படுத்தாலும் அது சரியாக இடுப்புக்குக் கீழே வந்து நிற்கும். போதாததற்கு சீட் பெல்ட்டின் கொக்கி ஒன்று, விலாவில் கைவைத்து "யாரது?" என்று விசாரிக்கும். முதல் மாதம் பள்ளத்தில் ஒரு துண்டை மடித்து வைத்தார். வேலை முடிந்துவிட்டது. இவரைப் போன்றவர்களுக்கு அது போதுமா? நீச்சல் குளத்தில் குழந்தைகள் மிதக்கப் பிடித்துக்கொள்ளும் நீளமான ஃபோம் குழாயை வாங்கி, நீளவாக்கில் பிளந்து செருகினார். பள்ளம் மேடாயிற்று.

அடுத்தது டாப்பர். ஐந்து சென்டிமீட்டர் தடிமனில், பழைய மெத்தைக்கு மேல் விரிக்கும் இன்னொரு மெத்தை. இரவில் சொர்க்கம். காலையில் படுக்கையை மடக்கி சோபாவாக்கப் போனால் மடங்காது. சுருட்டினால் எங்கே வைப்பது? முன் சீட்டில் வைத்தால் மனைவி எங்கே உட்காருவாள்? கூரைக்குக் கீழே செருகினால் முதல் வளைவிலேயே அவிழ்ந்து ஓட்டுநரின் பிடரியில் விழும். இவர் யோசித்தார். கிறிஸ்துமஸ் வான்கோழியைத் துண்டுபோடும் மின்சாரக் கத்தி ஃபோமை வெண்ணெய்போல் வெட்டும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அதை எடுத்து டாப்பரை மூன்றாக வெட்டினார். இப்போது மடிகிறது. இருந்த ஒரு பள்ளத்தை மூடப் போய் இரண்டு பள்ளம் ஆயிற்று.

பிறகு மெமரி ஃபோம். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக, விமான இருக்கை மெத்தைக்கென்று சார்ல்ஸ் யோஸ்ட் உருவாக்கிய சரக்கு. விண்வெளிக்காரர்கள் சமாசாரம் என்றதும் இவருக்குத் தனி மரியாதை. ஆனால் அது உடம்புச் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஸ்காட்லாந்தில் ஓர் அக்டோபர் இரவு, ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுத்தார். பலகை. முதுகு பட்ட இடம் மட்டும் மெல்ல மெல்ல இளகிப் பள்ளமாயிற்று. புரண்டு படுத்தால் மறுபடி பலகை. ஆகவே இரவு முழுவதும், தானே சூடாக்கிய பள்ளத்துக்குள் அசையாமல் கிடந்தார். மறுநாள் காலை இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. புதிதாக ஒரு பிரச்சினை கிடைத்துவிட்டதே!

அதற்குள் ஈரம் வந்தது. மேலே சூடான உடம்பு, கீழே ஜில்லென்ற ப்ளைவுட், நடுவே காற்றுப் போக வழியில்லாத மெத்தை. வேர்வையும் மூச்சின் ஈரமும் அடியில் இறங்கித் தண்ணீராகும். விட்டால் பூசணம் பிடிக்கும். இதற்குக் காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்திக் காற்றாட விட்டாலே பாதி தீரும். இவர் ஜெர்மனியிலிருந்து ஃப்ரோலி என்ற பிளாஸ்டிக் ஸ்பிரிங்குகளை வரவழைத்து, ஒன்றோடொன்று கோத்துப் பரப்பினார். காற்றும் போயிற்று, உடம்பும் மிதந்தது. படுக்கை உயர்ந்துவிட்டதால் எழுந்து உட்கார்ந்தால் தலை அலமாரியில் இடித்தது.

ஒன்றில் மட்டும் இவர் கைவைக்கமாட்டார். வண்டி ஓடும்போது ஆள் உட்காரும் இருக்கை அது. பெல்ட்டோடு சேர்த்து இழுத்துச் சோதித்து முத்திரை குத்திய இரும்புச் சட்டம். அதில் ஒரு துளை போட்டாலும் சோதனைக்கு அர்த்தமில்லை. மெத்தை விஷயத்தில் பித்துப் பிடித்தவர்தான்; ஆனால் விவரம் தெரிந்தவர்.

மைதானத்தில் வண்டியை நிறுத்தியதும் மற்றவர்கள் டீ போடுவார்கள். இவர் மெத்தைமேல் ரசமட்டத்தை வைப்பார். தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் சக்கரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் சரிவுக்கட்டையை வைத்து ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். போர்வைக்கும் பிரிட்டனில் 'டாக்' என்று ஒரு சூட்டு அளவு உண்டு: வெயிலுக்கு 4.5, குளிருக்கு 13.5. இவர் இரண்டையும் கொண்டுவந்திருப்பார், நடுராத்திரியில் மாற்றுவார்.

"தூங்கப் போறியா, அளக்கப் போறியா?" என்பாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"உனக்கு அந்த மேடு தெரியலையா?"

"எந்த மேடு?"

இதுதான் இவருக்குப் பொறுக்காது. அந்தம்மாள் துண்டு வைத்த காலத்திலும் தூங்கினாள், பலகைக் காலத்திலும் தூங்கினாள். ஒன்றும் பெரிய வித்தை இல்லை: வண்டி மட்டமாக நிற்க வேண்டும், பள்ளத்தில் ஒரு துண்டு, மேலே ஒரு டாப்பர், எல்லாவற்றையும் இழுத்துக் கட்டும் ஒரு விரிப்பு. அரைமணி வேலை. இது இவருக்கும் முதல் மாதமே தெரியும். தூக்கம்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே 135 சென்டிமீட்டர் கட்டில் இருக்கிறதே! வீட்டில் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதால்தான் மனிதர் வேனே வாங்கினார்.

கடைசியில் ஒரு நாள் படுக்கை சரியாகிவிட்டது. எட்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கி எழுந்தார். அன்று முழுக்க முகம் வாடியே இருந்தது. மறுவாரம் வேனை விற்றுவிட்டு, மடக்கவே தேவையில்லாத நிலைக்கட்டிலோடு பெரிய வண்டி ஒன்று வாங்கினார். அகலம், மட்டம், காற்றோட்டம், எதிலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பகலில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடிக்க அதில் வசதியான இடமில்லையாம். அந்தக் கட்டிலை எப்படி மடக்கி சோபாவாக்குவது என்று இப்போது படம் வரைந்துகொண்டிருக்கிறார்.