நாடகக் கொப்பியும் அதை வாசிக்காதோரும்

மட்டக்களப்பில் புதிதாக நாடகம் எழுதுபவருக்கு மேடை கிடைப்பது கடினமல்ல. கோயில் முன்றல், பாடசாலை மண்டபம், விளையாட்டுத் திடல் என்று வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இடம் தாராளம். நடிகர் பஞ்சமும் இல்லை. கூத்தாடிய குடும்பங்கள் உள்ள ஊர்களில் ஆட ஆள் பிடிப்பதைவிட, வந்தவர்களில் ஒருவரை ‘இந்த முறை வேண்டாம்’ என்று நிறுத்துவதே பெரும்பாடு. கிடைக்காதவர் ஒருவர்தான்: எழுதிய கொப்பியை முதற் பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர்.

இதற்கு ஊராரின் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. இந்தப் பக்கத்தில் நாடகம் என்பது வாசிக்கிற பொருளாக இருந்ததே குறைவு. வடமோடியோ தென்மோடியோ, எந்தக் கூத்து ஆடுவது என்று தீர்மானமானதும் நல்லநாள் பார்த்துச் சட்டங் கொடுப்பார்கள். ஒவ்வொரு கூத்தருக்கும் உரிய பாட்டையும் வசனத்தையும் மட்டும் தனியே எழுதிக் கொடுப்பது அது. முன்பு ஏட்டில், பின்பு தாளில். தருமனுக்குத் தருமன் பகுதி, வீமனுக்கு வீமன் பகுதி. மற்றவன் என்ன பாடப்போகிறான் என்பதை மாதக்கணக்கான பழக்கத்தில் கேட்டுத்தான் அறிய வேண்டும். முழுக் கொப்பி கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பொறுப்பில் இருக்கும். அரங்கேற்ற இரவில் களரியோரம் கொப்பி பார்ப்பவர் அதை விரித்து வைத்திருப்பார். அவருடைய கவலையும் கதையைப் பற்றியதல்ல. ஆடுபவர் எந்த அடியில் தடுமாறப்போகிறார், எந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பதே. வாவிக்கரையில் நாடகத்தைக் காதால் அறிந்தவர் ஆயிரம் பேர், கண்ணால் அறிந்தவர் இரண்டு பேர்.

ஷேக்ஸ்பியரின் நடிகர்களுக்கும் அவரவர் பகுதியும் அதற்கு முன்னால் வரும் சில சொற்களுமே எழுதிக் கொடுக்கப்பட்டன. அவருடைய நாடகங்களில் பன்னிரண்டைத் தமிழருக்கு எடுத்துச் சொன்ன ‘மதங்க சூளாமணி’யை எழுதியவர், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். நூல் வெளிவந்தது 1926இல். ஷேக்ஸ்பியர் இறந்து 310 ஆண்டுகள் கழித்து. இதைவிடத் தகுதியான வாசகர் கிடைப்பது அரிது. ஆனாலும் புதிய எழுத்தாளர் பலர் அடுத்த பொங்கலுக்குள் பதிலை எதிர்பார்க்கிறார்கள்.

இன்றைய நாடகம் ஒரு சீ.ஆர். கொப்பியில் பிறக்கும், அல்லது கணினியில், பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. ‘தம்பி, பைல் திறக்குது, ஆனா ஒண்டும் விளங்குதில்ல’ என்ற கருத்து எழுத்துருவைப் பற்றியதா, நாடகத்தைப் பற்றியதா என்று எழுதியவருக்குக் கடைசிவரை தெரியவராது. தாளில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் ‘வாசிச்சிப்போட்டுச் சொல்றன் மனே’ என்ற மறுமொழி கிடைக்கும். அதில் அன்பு உண்டு, தவணை கிடையாது.

பகுதியளவில் வாசிப்பவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் பாத்திரப் பட்டியலை மட்டும் வாசிப்பார். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எத்தனை பிள்ளைகளை ஏற்றலாம், எத்தனை நிமிடத்தில் முடியும், அதிபர் முகம் சுளிக்கும் இடம் ஏதும் உண்டா என்ற மூன்றுக்கும் பட்டியலிலும் கடைசிப் பக்கத்திலும் விடை இருக்கும். பரிசுக்கு வந்த பிரதிகளைப் பார்க்கும் நடுவர் முதற் காட்சியை வாசிப்பார். நடிக்க விரும்புபவர் தன் வசனங்களை மட்டும் கோடிட்டு வாசிப்பார். குறை சொல்ல முடியாது, சட்டங் கொடுத்த பரம்பரை.

விதிவிலக்குக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்து, விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றினார். அந்த வரிசையில் வந்த ‘இராவணேச’னை எழுதியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. எழுதியவரே நாயகனாக ஆடினால், கொப்பியை முழுதாக வாசித்த நடிகர் ஒருவராவது நிச்சயம். இந்த வழி எல்லோருக்கும் ஒத்துவராது. பத்துத் தலைக்கு ஏற்ற குரலும் வேண்டும்.

வெளியூரில் நிலைமை மேல் என்று நினைப்பவர்கள் லண்டன் கதையை அறிய வேண்டும். 1956இல் றோயல் கோர்ட் அரங்கில் தொடங்கிய கம்பனி புதிய நாடகங்கள் கேட்டு விளம்பரம் கொடுத்தது. ஏறத்தாழ 750 பிரதிகள் வந்து குவிந்தன. தேறியது ஜோன் ஒஸ்போர்ன் எழுதிய ஒன்றே. அவர் அப்போது தேம்ஸ் ஆற்றில் நின்ற ஒரு படகில் குடியிருந்தார். இயக்குநர் ஜோர்ஜ் டெவின் ஒரு சிறு தோணியைத் தானே வலித்துக்கொண்டு போய் அவரைச் சந்தித்தார். மட்டக்களப்பில் வாவிக்கும் குறைவில்லை, தோணிக்கும் குறைவில்லை. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறிவரும் இயக்குநர்களும் இருக்கலாம்; அவர்கள் வருவது அநேகமாகக் கலியாணத்துக்கு.

நம் நாட்டில் நாடகத்தை வாசிப்பதையே கடமையாகக் கொண்ட வாசகர் ஒரு சபை. 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த அந்தச் சபை கொழும்பில் இருந்து, பொதுமேடைக்கு வரும் பிரதிகளை ஆராய்ந்து அனுமதி கொடுக்கும். அந்த வாசிப்பில் கவனம் அதிகம். எந்தச் சொல் யாரைக் குத்துகிறது என்று எழுதியவருக்கே தோன்றாத நுட்பங்கள் அங்கே கண்டுபிடிக்கப்படலாம். விமர்சகரிடம் இவ்வளவு சிரத்தையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நடைமுறையில் பலன் தரும் வழி, கொப்பியைக் கைமாற்றாமல் எழுதியவரே வாய்விட்டு வாசிப்பது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, பிளேன்ரீயும் கடலையும் வைத்து ஏழெட்டுப் பேரை இருத்தினால் போதும். முதற் காட்சி முடியுமுன் ஒருவர் ‘இதில ஒரு பாட்டுப் போட்டா நல்லாரிக்கும்’ என்பார். இன்னொருவர் மெட்டையும் பாடிக் காட்டுவார். நகைச்சுவைக்காக எழுதிய இடத்தில் எவரும் சிரிக்கமாட்டார்கள். அரசன் மாளும் இடத்தில் மூலையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்கும். இரண்டும் குறித்துக்கொள்ளத் தக்கவை. இரண்டாம் காட்சியில் யார் யார் ‘இந்தா வாறன்’ என்று எழும்பிப் போனார்கள் என்று பார்த்தால், எந்த இடத்தை வெட்டுவது என்பதும் தெரிந்துவிடும். தபால் செலவும் இல்லை.