துணி போதாது, ஆணையர் அவர்களே!

பெறுநர்: ஆணையர் அவர்கள், மதுரை மாநகராட்சி, அறிஞர் அண்ணா மாளிகை, மதுரை.

பொருள்: வைகைக் கரை, பாலங்கள், வாய்க்கால்கள் ஆகியவற்றைப் பொதுமக்கள் படமெடுக்கத் தடை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

2025 மே மாதக் கடைசியில், முதலமைச்சர் மதுரைக்கு வந்த சமயம், பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்களே, அந்த யோசனையைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பதவி உயர்வு தரலாம். மழைத் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோகத்தான் அந்த வாய்க்கால். இப்போது வீட்டுச் சாக்கடையையும் வழியெல்லாம் ஏற்றிக்கொண்டு, கறுத்துக் கெட்டிப்பட்டு, மேலே பாலித்தீன் பை மிதக்க மெல்லப் போய்ச் சேர்கிறது. தூர்வாருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். துணி கட்ட ஒரு பொழுது போதும். நிர்வாகத் திறமைக்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் நடந்தது என்ன? வாய்க்காலைப் படமெடுக்க யாருக்கும் தோன்றாத ஊரில், துணியைப் படமெடுக்க எல்லோருக்கும் தோன்றிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர் அறிக்கை விட்டார். முதலமைச்சரும் அந்தப் பயணத்திலேயே வாய்க்காலை நேரில் போய்ப் பார்த்தார். மறைக்கக் கட்டிய துணியே விளம்பரப் பதாகை ஆகிவிட்டது. கோளாறு துணியிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை. கேமராவில் இருக்கிறது என்பதே இக்கடிதத்தின் பணிவான வாதம்.

இதற்குக் கட்சி பேதமில்லாத சான்றுகள் உண்டு. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க, அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியது. கேமரா இல்லாதிருந்தால் அது ஒரு பொறியியல் பரிசோதனையாகக் கோப்பில் மரியாதையோடு உறங்கியிருக்கும். படம் வந்ததால் அந்த நல்ல மனிதருக்குப் பட்டப்பெயர் வந்தது. மறுபக்கம் பாருங்கள். 2024-25ஆம் ஆண்டுக்கான ஸ்வச் சர்வேக்‌ஷன் தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம். இரண்டு நாள் பேசினார்கள், விட்டுவிட்டார்கள். எண் அப்படித்தான், மனதில் ஒட்டாது. படம் ஒட்டிக்கொள்ளும்.

‘படம் எடுக்காவிட்டால் மட்டும் வாய்க்காலோரத்துச் செல்லூர்வாசிகளுக்குத் தெரியாதா, நாற்றம் வீட்டுக்குள்ளேயே வருகிறதே?’ என்று சிலர் கேட்பார்கள். நாற்றத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது என்பதே பதில். நாற்றம் அந்தத் தெருவோடு நிற்கிறது. தெருவோடு நிற்கும் குறை உள்ளூர்க் குறை, அதை வார்டு அளவிலேயே சமாளிக்கலாம். படம்தான் மேலூர் தாண்டி, திருச்சி தாண்டி, தலைமைச் செயலகம் வரை பயணப்படி கேட்காமல் போகிறது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அரசே படத்தை நம்பித்தானே நடக்கிறது என்பார்கள். உண்மைதான். குப்பையைப் படமெடுத்துப் புகார் அனுப்பச் சொல்லி ஸ்வச்சதா செயலியைக் கொடுத்தது மத்திய அரசு. ஒப்பந்ததாரர் பில்லோடு ‘வேலைக்கு முன்’, ‘வேலைக்குப் பின்’ என்று இடக்குறியீட்டோடு படங்களை இணைப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு படங்களுக்கும் விலக்கு அளித்துவிடலாம். ஆபத்தானது மூன்றாவது படம். பில் பாஸாகி ஆறு மாதம் கழித்து, அந்த வழியே சைக்கிளில் போகிற ஒருவர், யாரும் கேட்காமல், இடது கையால் எடுக்கிறாரே, அது. முதல் இரண்டையும் எப்போது, எந்தக் கோணத்தில் எடுப்பது என்பது வேலை செய்தவர் கையில் இருக்கிறது. மூன்றாவது யார் கையிலும் இல்லை. பிடிக்க வேண்டியது அதை எடுப்பவரைத்தான்.

இந்தத் தொல்லைக்கு அடிக்கல் நாட்டியதே அரசாங்கம்தான் என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் அரசு சம்பளம் கொடுத்துப் புகைப்படக்காரராக வைத்திருந்தது. 1858இன் தொடக்கத்தில் அவர் மதுரைக்கு வந்து, மெழுகு பூசிய தாளில் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் பதிவு செய்தார். அதோடு நிற்காமல் வைகையையும், அதன் குறுக்கே மதுரைக்குப் போகும் தாழ்ந்த கல்வழியையும் எடுத்து வைத்தார். ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுவதற்கு முந்தைய ஆறு அது. அவரே நினைத்திராத தீங்கு இப்போது விளைகிறது: ஆற்றின் அகலத்தை யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இருகரையிலும் எழுந்த கான்கிரீட் சுவரையும் சாலையையும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், ‘கரை மேம்பாடு’ என்பதில் மேம்பட்டது கரை மட்டும்தானா என்று பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும். 1859இல் ஆளுநராக வந்த டிரவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் வேலையையே நிறுத்தினார். தொலைநோக்குள்ள நிர்வாகி!

சட்டம் இடம் தருமா என்றால், அங்கேதான் சிக்கல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கட்டடங்களைப் படமெடுப்பதைக் குற்றமாக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டமோ, ஒரு சாலையோ நீர்வழியோ எதிரிக்குப் பயன்படும் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால்தான் அதைத் தடைசெய்யப்பட்ட இடமாகக் கருதும். எனவே பந்தல்குடி வாய்க்காலை அப்படி அறிவிக்கும்படி தில்லிக்கு எழுதலாம். காரணம் தயார்: ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு, எந்தப் படையும் இறங்கத் தயங்கும் நீர்நிலை மதுரையில் இது ஒன்றுதான். நகருக்குள்ளேயே ஓடும் கிருதுமால் நதியையும் அதே பட்டியலில் சேர்க்கலாம். அது நதி என்பதே ரகசியமாகிவிட்டதால், அந்தப் பகுதி வேலை ஏற்கெனவே முடிந்தது.

முழுத் தடை கொடுமை என்று தோன்றினால் ஆண்டுக்கு ஒரு நாள் தளர்த்தலாம். சித்ரா பௌர்ணமியன்று, அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு, ஆகாயத்தாமரையை அள்ளி அப்புறப்படுத்தி, கள்ளழகர் தங்கக் குதிரையில் இறங்கும்போது, ஆழ்வார்புரம் பக்கம் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அன்று வைகை ஆறாகவே இருக்கும். அழகர் மலைக்குத் திரும்பியதும் தடை தானாக அமலுக்கு வரலாம். வெள்ளம் வந்து யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து உண்டு. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு பாலத்தின் கைப்பிடியில் சிக்கிக்கிடக்கும் ஆகாயத்தாமரையையும் கிழிந்த சாக்குகளையும் பழைய மெத்தையையும் யோசித்தால் அது வேண்டாம் என்றே படுகிறது.

தக்க நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஆற்றோரத்து வரிகட்டி ஒருவர்.

இணைப்பு: படங்கள் எதுவும் இல்லை.