குழாய் ஒன்று, வாசல் இரண்டு

மாமா பதில்கள் (கோடைக்கானல் அடைப்புச் சிறப்பு)

மூஞ்சிக்கல் கீழ்வீட்டுக்காரர்: மேல்வீட்டுக் கழிவுநீர் என் கொல்லையில் இறங்குகிறது. கேட்டால், "தண்ணி பள்ளத்துக்குத்தானே சார் ஓடும்" என்கிறார்.

அரை வக்கீல் போலிருக்கிறது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (வசதியுரிமை) சட்டம், 7-ஆம் பிரிவு அவர் கட்சிதான். மேட்டில் இயற்கையாக ஊறும் நீரையும் பெய்யும் நீரையும் பள்ளத்துக்காரர் மறிக்கக் கூடாது. ஆனால் அது மழைக்கும் ஊற்றுக்கும். அவர் வீட்டுக் கக்கூஸை வருண பகவானா கட்டினார்?

நாயுடுபுரம் வாசகி: அடைப்பு இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாயில். எங்கள் வீட்டில் மட்டும் பொங்குகிறது. பக்கத்து வீட்டம்மா "எங்களுக்கு நல்லாத்தானே போகுது" என்கிறார்.

உண்மையைத்தான் சொல்கிறார். அடைப்புக்கு மேற்புறம் எந்த வாய் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்திருக்கிறதோ, அதில்தான் பொங்கும். மலைச்சரிவில் அது பெரும்பாலும் கீழ்வீட்டுக் குளியலறை. அந்த அம்மா தாராளமாக ஊற்ற ஊற்ற, உங்களுக்கு வரவு. உங்கள் சேம்பருக்கும் அவர் சேம்பருக்கும் நடுவில் ஒரு மூடி வைத்துப் பாருங்கள் என்று ஒரு பிளம்பர் யோசனை சொல்வார். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

பாம்பார்புரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் குழாய் பக்கத்துக்காரர் நிலத்தின் வழியாகப் போகிறது. அவர் எல்லைக்குள் அடைப்பு. "மண்வெட்டி உள்ளே வந்தால் போலீஸ்" என்கிறார்.

முதல் கேள்வி, குழாய் எப்போது போட்டது? ஒளிக்காமல், சண்டையில்லாமல், இடைவிடாமல், உரிமையாக 20 ஆண்டு ஓடியிருந்தால் அதே ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். "கொஞ்ச நாளைக்கு விட்டுக்கோங்க வாத்தியாரே" என்று அவர் அப்பா அனுமதி கொடுத்து ஓடியிருந்தால் அது உரிமையில் சேராது, உபகாரத்தில் சேரும்.

உரிமை உண்டென்றால் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். அடுத்தவர் நிலத்தில் குழாய் உரிமை உள்ளவர் உள்ளே போய்த் தோண்டிப் பழுது பார்க்கலாம், ஆனால் தரையைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று உதாரணமே போட்டிருக்கிறார்கள். செலவு உங்களுடையது என்று 25 சொல்கிறது. அவரும் அதே குழாயில் விடுகிறவரானால் பங்கு கேளுங்கள். மீறித் தடுத்தால் வழக்குப் போட 33 இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ், ரசீதோடு ஸ்பீடு போஸ்ட், நாலு போட்டோ. தோண்டும் இடத்தில் அவருடைய பிளம்ஸ் மரம் நின்றால் மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள். குழாய்க்காகச் சமாதானம் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன், பிளம்ஸுக்காக ஆனவர்களைப் பார்த்ததில்லை.

பெருமாள்மலை தம்பி: பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணன் தன் பங்கில் ஓடும் பொதுச் சாக்கடையை அடைத்துவிட்டார். பத்திரத்தில் சாக்கடை பற்றி ஒரு வரிகூட இல்லை.

இல்லாததுதான் உங்களுக்கு நல்லது. சொத்து பிரியும்போது கண்டறியக்கூடியதாக, தொடர்ந்து பயன்படுவதாக, உங்கள் பங்குக்குத் தேவையானதாக அது இருந்தால், பத்திரம் வேறு விதமாகச் சொன்னாலொழிய உங்களுக்கு 13-ஆம் பிரிவில் உரிமை உண்டு. மண்ணுக்குள் இருக்கும் வடிகால் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று அண்ணன் கேட்பார். விவரம் தெரிந்தவர் கவனமாகப் பார்த்தால் தெரியும் என்று 5-ஆம் பிரிவு அன்றே பதில் எழுதி வைத்திருக்கிறது. அப்பா நிலத்தைப் பிரித்தார், சாக்கடையைப் பிரிக்கவில்லை.

செண்பகனூர் ஹோம்ஸ்டே உரிமையாளர்: எங்கள் குழாய் மட்டும் ஏன் இப்படி அடைக்கிறது?

உங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டி. கோடைக்கானலில் வெயில் அந்த அளவை எட்டுவதே அபூர்வம். சமையலறையில் கொட்டுகிற எண்ணெயும் வெண்ணெயும் குழாய்க்குள் போய்க் குளிரில் உறைகின்றன. எண்ணெய் வடிக்க ஒரு கொழுப்புத் தொட்டி வையுங்கள்.

அதே உரிமையாளர்: விருந்தாளிகள் போடும் ஈரத் துடைப்பான்களும் காரணமா?

2017-இல் லண்டன் வைட்சேப்பலில் எண்ணெயும் துடைப்பானும் சேர்ந்து 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் கட்டியாகிக் கிடந்தன. உடைத்தெடுத்து ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நீங்கள் தாஜ்மகாலைத் தொடங்கியிருக்கிறீர்கள்.

அட்டுவம்பட்டி இளைஞர்: ஆசிட் ஊற்றலாமா? பிளீச்சிங் பவுடரும் சேர்த்து?

1915-இல் இப்ரே போர்க்களத்தில் ஜெர்மன் படை பயன்படுத்தியது குளோரின். நீங்கள் சொல்லும் கலவையில் வருவதும் அதுதான். தனி ஆசிட்டும் செப்டிக் டேங்கில் உங்களுக்காக உழைக்கும் நுண்ணுயிரிகளைக் கொல்லும்.

வில்பட்டி வாசகர்: லாரி எங்கள் சந்துக்குள் வராது. ரேட்டும் அதிகம். ஒரு ஆளை இறக்கினால் ஆகாதா?

ஆகாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "வாடையே இல்ல, இறங்குப்பா" என்று சொல்லப்படும் தொட்டிதான் பயங்கரம். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி இறக்கியவருக்கு முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்புக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. 14420 உதவி எண்ணுக்குப் பேசுங்கள், லாரி ரோட்டில் நிற்கட்டும், நீளமான ஹோஸ் கேளுங்கள். இப்போது சொல்லுங்கள், லாரி ரேட்டு அதிகமா?

சென்னையிலிருந்து பங்களாக்காரர்: ஆறு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் கோடை வீட்டைத் திறந்தால் சாக்கடை நாற்றம். பக்கத்துக்காரர் சதியா?

பாவம் அவர். குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்குத் தாழ்ப்பாள். ஆறு மாதத்தில் அது வற்றிப்போயிருக்கும். அந்த வளைவுக்கு 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், தொழில் கடிகாரம் செய்வது. ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி ஊற்றுங்கள். மிச்சத் தண்ணீரில் காபி போட்டுப் பக்கத்துக்காரரைக் கூப்பிடுங்கள்.

பூம்பாறை வாசகர்: செப்டிக் டேங்கை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கணும்? பக்கத்து வீட்டில் எடுத்ததே இல்லை.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 12 ஆண்டு என்பது குறிஞ்சிக்கு. அது 2018-இல் பூத்தது, இனி 2030. பக்கத்து வீட்டுத் தொட்டி அதற்கு முன்பே பூத்துவிடும்.

ஆனந்தகிரி வாசகி: மரத்தின் வேர் குழாயை உடைத்துவிட்டது என்கிறார் மேஸ்திரி.

வேர் ஒழுகுகிற இணைப்பைத் தேடி நுழையும், நல்ல இணைப்பை விட்டுவிடும். கீழடியில் சுடுமண் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியபடி கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தவை. உங்கள் மேஸ்திரி எத்தனை ஆண்டு உத்தரவாதம் தந்தார்?

ஏழு ரோடு வியாபாரி: தெருவே நாறுகிறது. நகராட்சி "நிதி இல்லை" என்கிறது.

1899-இல் பிறந்த நகராட்சி. வயதுக்கு மரியாதை கொடுத்துவிட்டுக் கோட்டாட்சியரிடம் போங்கள். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சியும் இதே பாட்டைத்தான் பாடியது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது சாக்கு ஆகாது என்று வடிகால் கட்டச் சொல்லிவிட்டார்.

அவசரம் என்றால் வேறு வழி. 1858-இல் தேம்ஸ் நாறியபோது, ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றம் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டது. பிறகு சட்டம் பறந்து வந்தது. அடுத்த நகரமன்றக் கூட்டத்தை உங்கள் கடை வாசலில் நடத்தச் சொல்லிக் கேளுங்களேன்.

அப்சர்வேட்டரி வாசகர்: இ-பாஸ் வந்த பிறகாவது சாக்கடைச் சுமை குறையுமா?

2024 மே முதல் வண்டியை எண்ணுகிறார்கள். வண்டி கக்கூஸ் போவதில்லை.

கல்லூரி மாணவி: மேல்வீட்டுக்காரரிடம் எப்போது பேசினால் கேட்பார்?

மே மாதம், சனிக்கிழமை, எல்லா அறையும் நிரம்பியிருக்கும்போது, வாசலில் நின்று, கொஞ்சம் சத்தமாக.

லேக் ரோடு வாசகர்: எங்களுக்குக் கீழே வீடே இல்லை, ஓடைதான். எங்களுக்குக் கவலையில்லையே?

ஓடைக்குக் கீழே ஏரி. 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் அமைத்தது. ஏரி நிரம்பி வழிந்தால் வெள்ளி அருவி, 180 அடி. அங்கே வண்டியை நிறுத்தி முகம் கழுவாதவர் யார்? போன மாதம் வந்த உங்கள் சம்பந்தி எங்கே இறங்கி நின்றார் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.