கிடைக்காத பொம்மைக்கு வந்த கிராக்கி

1972இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் பிளைத் என்று ஒரு பொம்மையைக் கடைகளுக்கு அனுப்பியது. உடம்பு ஈர்க்குச்சி, தலையோ இரண்டு பொம்மைக்குப் போதுமான அளவு. பின்மண்டையில் தொங்கும் கயிற்றை இழுத்தால் கண்கள் மூடித் திறக்கும். திறக்கும்போது நிறம் மாறியிருக்கும். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நான்கு நிறங்கள் வைத்திருந்தார்கள். இதைப் பார்த்துக் குழந்தைகள் குதூகலிப்பார்கள் என்று கென்னரில் யாரோ நம்பியிருக்கிறார். குழந்தைகளோ விளக்கணைத்த பிறகு அது என்ன நிறத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒரே வருடத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு பிளைத்தை யாரும் சீந்தவில்லை. 1990களின் பிற்பகுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜினா கேரனிடம் ஒரு நண்பர், ‘அசப்பில் உன்னைப் போலவே ஒரு பொம்மை இருக்கிறது’ என்று சொல்லி அதை அறிமுகப்படுத்தினார். இப்படிச் சொன்ன பிறகும் நட்பு நீடித்தது என்பதே ஒரு தனி அதிசயம். கேரன் போகிற இடமெல்லாம் பிளைத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். 2000இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு ஜப்பானின் பார்கோ அங்காடி தன் விளம்பரத்தில் பிளைத்தை நடிக்க வைத்தது. மறு வருடம் டகாரா நிறுவனம் புது பிளைத்துகளை வார்த்துத் தள்ளியது. கென்னரின் பழைய பிளைத்துக்கு நூறு டாலர், ஆயிரம் டாலர் என்று விலை ஏறிக்கொண்டே போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1973இலிருந்து 2000 வரை கென்னர் பிளைத்தின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகமாகவில்லை. குப்பைக்குப் போனவற்றைக் கழித்தால் குறைந்துதான் இருக்கும். ஆக, 1985இலும் அது அபூர்வமான பொம்மைதான். ஆனால் ஆசைப்பட ஆளில்லை. பொம்மை சேகரிப்பவர்களிடம் போய், ‘அபூர்வமாக இருந்தால்தான் உங்களுக்குப் பிடிக்குமா?’ என்று கேட்டால் கொஞ்சம் புண்பட்டு, ‘சேச்சே, அழகுக்காகத்தான்’ என்பார்கள். அதே மூச்சில், ‘இந்த மாடலில் மொத்தமே இத்தனைதான் போட்டான், தெரியுமா?’ என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருப்பதுதான் சிக்கல்.

அபூர்வம் ஒன்றே ஆசையைக் கிளப்பும் என்றால், யாரோ ஒரு சித்தி பழைய ரவிக்கைத் துணியில் பஞ்சடைத்துத் தைத்து, ஒரு கண்ணுக்குச் சட்டைப் பித்தானும் இன்னொரு கண்ணுக்குப் பாவாடைக் கொக்கியும் வைத்தாரே, அந்தப் பொம்மை லண்டன் ஏலத்தில் கோடிக்குப் போயிருக்க வேண்டும். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். அச்சு கிடையாது, மறுபதிப்பு கிடையாது. சித்தியே நினைத்தாலும் அதே கோணலோடு இன்னொன்று தைக்க முடியாது. ஏலக்காரர் யாரும் இதுவரை சித்தியைத் தேடி வரவில்லை.

லண்டனில் உண்மையிலேயே ஏலம் போனது வேறொன்று. 2014 செப்டம்பரில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனம் 1909 வாக்கில் ஜெர்மனியில் கேமர் அண்ட் ரைன்ஹார்ட் தயாரித்த ஒரு பொம்மையை 2,42,500 பவுண்டுக்கு விற்றது. அதுவும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் பொம்மைகளை அச்சு எண்ணோடு மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. வரிசை தெரிந்தவர்களுக்குத்தான் வரிசையில் விடுபட்டது எது என்று தெரியும். தூக்கமும் அவர்களுக்குத்தான் கெடும். நான்கு பேர் தேடாத அபூர்வத்துக்குப் பரணில் இடம் கிடைத்தால் பெரிது.

உளவியலாளர்கள் இதைப் பிஸ்கட் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 1975இல் ஸ்டீபன் வொர்ச்சலும் அவரது சகாக்களும் ஒரு ஜாடியில் பத்து பிஸ்கட்டும் இன்னொன்றில் இரண்டும் வைத்து மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மட்டும் இருந்த ஜாடியின் பிஸ்கட்டே உசத்தி என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். பத்து இருந்து கண்ணெதிரே இரண்டாகக் குறைந்தபோது மதிப்பு இன்னும் கூடியது. மற்ற மாணவர்கள் கேட்டதால்தான் குறைந்தது என்று தெரிந்தபோது எல்லாவற்றையும்விட அதிகம். ருசி எப்படி என்று கேட்டபோது மட்டும் பெரிய வித்தியாசம் சொல்லவில்லை. வேண்டும் என்ற துடிப்பு எகிறியது, தின்ற சுகம் அப்படியே இருந்தது. பொம்மைச் சந்தையில் நடப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நடக்கிறது.

பார்பியை எடுத்துக்கொள்வோம். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர் அதை அறிமுகப்படுத்தினார். வரிக்குதிரைக் கோடு போட்ட நீச்சலுடை, விலை மூன்று டாலர். முதல் வருடமே மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. மூன்று லட்சம் விற்றதை அபூர்வம் என்று சொல்ல எந்தக் கணக்கு வாத்தியாரும் சம்மதிக்க மாட்டார். ஆனாலும் 2006இல் புத்தம் புதிதாக இருந்த 1959ஆம் வருடத்துப் பார்பி ஒன்று 27,450 டாலருக்குப் போனது.

மிச்சமுள்ள லட்சக்கணக்கான பார்பிகளுக்கு என்ன ஆனது? சிறுமிகள் விளையாடினார்கள். முடியை வெட்டினார்கள், நகப்பாலிஷ் பூசினார்கள், குளியல் தொட்டியில் முக்கினார்கள், தம்பிகள் தலையைத் திருகிப் பந்தாக உருட்டினார்கள். பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அது நடந்தது. அந்த அபூர்வத்தை உண்டாக்கியது மேட்டல் இல்லை, குழந்தைகள். இன்று சேகரிப்பாளர் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பது, எந்தக் குழந்தையின் கையும் படாமல் தப்பித்த ஒன்றுக்காக. பெட்டியே பிரிக்காதது என்றால் இன்னும் விசேஷம். ‘என்.ஆர்.எஃப்.பி.’ என்று அதற்கு ஒரு பட்டமே உண்டு. பெட்டியை விட்டு ஒருபோதும் வெளியே எடுக்காதது என்று பொருள். சேகரிப்பாளர் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று தரிசனம் செய்துகொள்ளலாம்.

முதல் அச்சுப் பார்பியின் உள்ளங்கால்களில் துளைகள் இருக்கும், உள்ளே செப்புக் குழாய் இருக்கும். நிறுத்திவைக்கும் பீடத்தின் கம்பிகளைச் செருகுவதற்காக அப்படிச் செய்தார்கள். இரண்டாம் அச்சில் துளைகளை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் அச்சு சில மாதங்களே தயாரானதால் அதுதான் கிடைப்பதற்கு அரிது என்று விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். ஆனால் கூடுதல் விலை கேட்பது முதலாவதுக்குத்தான். ‘முதல்’ என்ற சொல்லின் முன்னால் அபூர்வம் கைகட்டி நிற்கிறது.

தடை விழுந்தாலும் கிராக்கி வரும். 2002இல் மேட்டல், பார்பியின் தோழி மிட்ஜைக் கர்ப்பிணியாகக் கொண்டுவந்தது. வயிற்றைக் காந்தத்தால் ஒட்டியிருந்தார்கள். கழற்றினால் உள்ளே குட்டிக் குழந்தை. கணவன் ஆலனைத் தனிப் பெட்டியில் விற்றார்கள். அப்பா இல்லாத பெட்டியில் அம்மாவா என்று வாடிக்கையாளர்கள் கொதிக்க, வால்மார்ட் அந்தப் பொம்மையைத் திருப்பி அனுப்பியது. கடையில் இருந்தவரை சும்மா ஒரு பொம்மை. கடையை விட்டுத் துரத்தியதும் சேகரிப்பாளரின் கனவு. 2023இல் வந்த பார்பி திரைப்படத்தில் மிட்ஜ் தலைகாட்டியதும் தேடல் மறுபடி சூடுபிடித்தது. ஒழுக்கத்தைக் காக்கக் கிளம்புகிறவர்கள் சேகரிப்பாளர்களுக்குச் செய்யும் சேவையை இதுவரை யாரும் சரியாகப் பாராட்டவில்லை.

இந்த ரகசியம் நிறுவனங்களுக்குப் பிடிபடாமல் இருக்குமா? தானாக வரும் அபூர்வத்துக்கு நாற்பது வருடம் காத்திருக்க வேண்டும், தொழிற்சாலையில் செய்தால் நாற்பது நாளில் முடிந்துவிடும் என்று கண்டுகொண்டார்கள். 1988 கிறிஸ்துமஸுக்கு மேட்டல் விட்ட ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ பார்பி சிவப்பு கவுனில் வந்து சீக்கிரமே தீர்ந்தது; வெளியில் விலை ஏறியது. அடுத்தடுத்த வருடங்களில் ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். மேட்டலும்தான். அவர்கள் நிறைய வாங்கி, பிரிக்காமல், வெயில் படாமல் பத்திரப்படுத்த, இவர்கள் அதைவிட நிறையச் செய்தார்கள். விளைவு, 1990களின் ஹாலிடே பார்பிகள் இன்று பெட்டி மடியாமல், அட்டை மங்காமல் மூலைக்கு மூலை கிடைக்கின்றன. எல்லோரும் அபூர்வம் என்று எடுத்துவைத்த பொருள் அபூர்வமாக வழியே இல்லை.

இந்தக் கூத்தின் உச்சம் பீனி பேபி. டை வார்னர் என்பவர் 1993இல் ஒன்பது குட்டித் துணிப் பொம்மைகளோடு ஆரம்பித்தார். பொம்மைகளை ‘ஓய்வு பெறச்’ செய்தது அவருடைய மேதைமை. இன்ன கரடி இனி வராது என்று அறிவித்தால் போதும், மறுநாளே அந்தக் கரடிக்கு விலை கூடும். பென்ஷன் கொடுக்காமல் ஒருவரை ஓய்வு பெற வைத்து அதில் லாபமும் பார்த்த முதலாளி அவராகத்தான் இருப்பார். காதில் தொங்கும் அட்டை கசங்கினால் மதிப்பு போய்விடும் என்பதற்காக அந்த அட்டைக்கே பிளாஸ்டிக் உறை விற்றார்கள். 1999இல் லாஸ் வேகஸில் விவாகரத்தான ஒரு தம்பதி, சேகரித்த பொம்மைகளைப் பிரித்துக்கொள்ள முடியாமல் வழக்காட, நீதிபதி எல்லாவற்றையும் நீதிமன்றத் தரையில் பரப்பச் சொன்னார். இருவரும் குந்தி உட்கார்ந்து ஆளுக்கொன்றாக, மாறி மாறிப் பொறுக்கினார்கள். புகைப்படம் இன்றும் இருக்கிறது. அதே வருடம் டை நிறுவனம், இனி பீனியே கிடையாது என்று அறிவித்தது. பிறகு மக்களை வாக்களிக்கச் சொன்னது. மக்கள் வேண்டும் என்றார்கள், உற்பத்தி தொடர்ந்தது, விலை சரிந்தது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கென்று கரடி வாங்கிவைத்தவர்களுக்குக் கரடிதான் மிஞ்சியது.

இப்போதைய நாயகன் லபுபு. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங்கின் கற்பனை. முயல் காது, ஒன்பது கூரிய பற்கள். சீனாவின் பாப் மார்ட் இதை மூடிய பெட்டியில் விற்கிறது. உள்ளே எது இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். சில வரிசைகளில் ‘சீக்ரெட்’ வகை கிடைக்கும் வாய்ப்பு 72இல் ஒன்று. அப்படியானால் 72 பெட்டி வாங்கினால் நிச்சயம் கிடைக்குமே என்று கணக்குப் போடுகிறவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது நல்லது. அங்கொன்றும் இங்கொன்றுமாக 72 பெட்டி வாங்கினாலும், ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். மூன்று பேரில் ஒருவர் 72 பெட்டிகளோடு வெறும் ஆளாக வீடு திரும்புவார். வீட்டில் அவருக்கு நடக்கும் வரவேற்புக்குச் சதவீதக் கணக்கு தேவையில்லை.

2025 மே மாதம் பிரிட்டனில் வாடிக்கையாளர்கள் கைகலப்பில் இறங்கியதால் பாப் மார்ட் அங்குள்ள கடைகளில் லபுபு விற்பனையை நிறுத்திவைத்தது. ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10,80,000 யுவானுக்குப் போனது. கள்ள லபுபுகளும் வந்தன, அவற்றுக்கு ‘லஃபுஃபு’ என்று செல்லப் பெயரும் வந்தது. அதையும் சிலர் தேடிச் சேகரிக்கிறார்கள் என்பதில்தான் இந்தக் குலத்தின் பெருமை இருக்கிறது. பாப் மார்ட் உற்பத்தியைக் கூட்டிக் கடைகளை நிரப்பியதும், மறுவிற்பனை விலை மளமளவென்று இறங்கியது. பொம்மையின் பல் ஒன்றுகூடக் குறையவில்லை. குறைந்தது, பக்கத்து வீட்டுக்காரரிடம் அது இல்லை என்ற நிம்மதி.

விலை இறங்கியதும் ஓடுகிறவர் வியாபாரி. இருக்கிறவர்தான் சேகரிப்பாளர். பிளைத் பிரியர்கள் இரண்டாவது ரகம். டகாராவின் பொம்மையை வாங்கி, மண்டையைத் திறந்து, உதட்டைச் செதுக்கி, இமைமுடி மாற்றி, தங்கள் கையால் உலகத்தில் ஒன்றே ஒன்றாக ஆக்கிக்கொள்கிறார்கள். புது பிளைத் வந்து குவிந்ததால் பழைய கென்னர் பிளைத்தின் மவுசு குறையவுமில்லை. நகல் பெருகப் பெருக மூலத்தைத் தேடும் ஆட்கள் பெருகினார்கள். 1994இல் மேட்டலே தன் 1959 பார்பியை மறுபதிப்பு செய்தது. துளைக்கால் பார்பியின் கெத்து அதனால் இறங்கிவிடவில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவில் லியோ மேட்டல் பெயரில் பார்பிகள் தயாராயின. சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்த பார்பிகளும் அதில் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பித் தேடுகிறார்கள். வரும் பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது அப்படியொன்று பெட்டியோடு கையில் கிடைத்தால், பெட்டியை மட்டும் கிழித்துப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.