யானைக்கும் ஒரு பொன்னாடை

ஏலே பேரப்புள்ளை, நோட்டீசைப் பார்த்தேன். பாரதியாரு வாழ்க்கை வரலாற்றை எழுதினவரே நம்ம ஊரு நூலகத்துக்கு வந்து பேசுறாராமே, சந்தோசம். தலைமை ஒருத்தரு, முன்னிலை நாலு பேரு, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரைன்னு தேர்ல வடம் பிடிக்கிற அளவுக்கு ஆளு சேத்திருக்கே. ரைஸ்மில்காரரு அகலமாச் சிரிக்கிறாரு. வட்டிக்கடைக்காரரு கூலிங்கிளாசோட நிக்கிறாரு. எழுத்தாளரு பேரைத்தான் தேட வேண்டியதாப் போச்சு. கடைசியில ஒலிபெருக்கி உபயத்துக்கு மேல பொடி எழுத்துல கிடைச்சுது. பாரதிக்கு இடம் பத்தலைன்னு மீசையை மட்டும் போட்டிருக்கே. பரவாயில்ல, மீசை தெரிஞ்சா ஆளைக் கண்டுக்கிடலாம்.

கூட்டத்தை எப்படி நடத்தணும்னு கேட்டே. அனுபவஸ்தன் சொல்றேன், கேட்டுக்கோ. ஆறு மணின்னு போட்டுட்டு ஏழரைக்கு ஆரம்பி. வாழ்த்த வந்தவங்களுக்கு ஆளுக்கு அரை மணி நேரம் கொடு. எழுத்தாளருக்குப் பத்து நிமிசம் போதும். எட்டாவது நிமிசமே துண்டுச்சீட்டை நீட்டிரு. அந்த மனுசன் பாரதி எழுதின பழைய சுதேசமித்திரனையும் இந்தியா பத்திரிகையையும் புரட்டிப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டிருப்பாரு. அவரைப் பேச விட்டா ஜனங்களுக்கு விசயம் தெரிஞ்சு போயிரும். அப்புறம் அடுத்த வருசம் வாழ்த்துரைக்கு வர்றவங்க என்னத்தைப் பேசுவாங்க, பாவம்!

வாழ்த்துற யாராவது ஒருத்தரு கட்டாயம் யானையைக் கூட்டியாருவாரு, பாத்துக்கோ. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை பாரதியைத் தள்ளிக் கொன்னுபோட்டுதுன்னு குரலு தழுதழுக்கும். எல்லாரும் கை தட்டுவாங்க, நீயும் தட்டு. தட்டி முடிச்சதும் மெள்ள எழுந்திரிச்சு, "ஐயா, யானை தள்ளிச் செத்தவரு 1921 ஜூலை கடைசியில ஈரோட்டுக்கு எப்படி ரயிலேறிப் போனாரு?"ன்னு கேளு. அங்க கருங்கல்பாளையம் வாசகசாலையில, நம்ம மாதிரி ஜனங்க கூடின கூட்டத்துல, அவரு பேசின விசயம் என்ன தெரியுமா? மனிதனுக்கு மரணமில்லைங்கிறதுதான்! யானை தள்ளினது நிசம். அவரு கூட்டாளி குவளைக் கண்ணன் உள்ள பாஞ்சு தூக்கினதும் நிசம். அந்தக் காயமெல்லாம் ஆறிப்போச்சு. செப்டம்பர்ல ஆளைக் கொண்டுபோனது வயித்துக்கடுப்பு. 1882ல பொறந்தவரு, நாப்பதைக்கூட எட்டலை. ஆனா வயித்துக்கடுப்பு மேடைக்கு எடுப்பா இருக்காதுல்லா? அதனால யானை தலையிலயே பழியைப் போட்டு நூறு வருசமா ஓட்டிட்டாங்க. அந்த யானைக்கும் ஒரு பொன்னாடை வாங்கி வை. பேச்சாளருங்க பொழைப்பு அது புண்ணியத்துலதான ஓடுது.

அடுத்தவரு, எட்டயபுரம் நம்ம பக்கம், பாரதி நம்ம மண்ணோட மைந்தன்னு நெஞ்சை நிமித்துவாரு. கல்கி திரட்டின நிதியில கட்டின மணிமண்டபம் 1947ல அங்க திறந்தது நமக்குப் பெருமைதான். ஆனா 1919ல கடயத்துல, மாமனாரு ஊர்ல உக்காந்துக்கிட்டு அதே எட்டயபுரத்து ராசாவுக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி கேட்டாரே, அப்போ என்ன கிடைச்சுதுன்னு கேளு. மைக்கு தன்னால கொரகொரங்கும். அவரு செத்தப்போ மயானத்துக்குப் போனவங்க இருபது பேரு தேறலைன்னு அன்னைக்குக் கூட இருந்தவங்களே சொல்லியிருக்காங்க. நம்ம நோட்டீசுல அதைவிட அதிகமாப் பேரு இருக்குடா. செத்த கவிக்குத்தான் எத்தனை சொந்தக்காரங்க!

இப்போ எழுத்தாளரு பக்கம் வருவோம். விருந்தாளின்னு அவரைச் சும்மா விட்டுராதே. சிரிச்ச முகத்தோட மூணு கேள்வி கேளு.

மொதக் கேள்வி, "இது உமக்கு எப்படித் தெரியும்?" பாரதியோட குடித்தனம் பண்ணின செல்லம்மா சொன்ன சரித்திரம் 1941ல வந்துச்சு. கூட்டாளியா இருந்த வ.ரா. புஸ்தகம் 1944ல வந்துச்சு. புதுச்சேரியில சின்னப் புள்ளையா அவரைப் பாத்த யதுகிரி அம்மாள் நினைவுகள் 1954ல வந்துச்சு. மூணு பேரும் பாத்தது ஒரே ஆளைத்தான், ஆனா மூணும் ஒண்ணு போல இருக்காது. வரப்புத் தகராறுல எல்லாச் சாட்சியும் ஒரே அச்சாச் சொன்னா நாம நம்புவோமா? கடன் வாங்கின அரிசியைக் குருவிக்குப் போட்டாரேன்னு கேக்கிறவன் கண்ணைத் தொடைச்சுக்கிடுவான். அன்னைக்கு அடுப்புல என்ன ஏத்துனதுன்னு செல்லம்மா பக்கத்துலயும் நின்னு பாத்தாரா நம்ம எழுத்தாளரு? அதைக் கேளு.

ரெண்டாவது, "எதை ஒளிச்சீரு?" புதுச்சேரியில பத்து வருசம் இருந்துட்டு 1918 நவம்பர்ல வெள்ளைக்காரன் எல்லைக்குள்ள வந்ததும் பிடிச்சுக் கடலூர்ச் சிறையில போட்டாங்க. டிசம்பர்ல, அரசாங்கம் சொன்ன நிபந்தனைக்குச் சம்மதிச்சு வெளிய வந்தாரு. சிலை வைக்கிறவன் இந்த எடத்தை வேகமாத் தாண்டிருவான். வரலாறு எழுதுறவன் அங்க நின்னு, வீட்டுல என்ன நெருக்கடி, உடம்பு எப்படி இருந்துச்சு, கூட இருந்தவங்க எங்க போனாங்கன்னு விசாரிக்கணும். அப்படி எழுதியிருந்தாருன்னா எழுந்து நின்னு கும்பிடு. தாண்டிப் போயிருந்தாருன்னா பொன்னாடையை மடிச்சுப் பீரோவுல வை, வேற யாருக்காவது ஆகும்.

மூணாவது, "உம்ம புஸ்தகத்தை மூடினதும் பாரதியோட எதைத் திறக்கணும்?" நல்ல எழுத்தாளருக்கு இந்தக் கேள்வி வெல்லக்கட்டி. நம்ம ஆளுங்க நாலு பாட்டோட நிறுத்திருவாங்க. அவரு பத்திரிகைக்காரரு, உரைநடை குவிஞ்சு கெடக்கு. சீனி. விசுவநாதன்ங்கிற மனுசன் எல்லாத்தையும் தேடிக் காலவரிசையில 23 தொகுதியாப் போட்டிருக்காரு. பாரதி எழுத்து உரிமையை 1949லேயே சென்னை அரசாங்கம் வாங்கி, பெறகு பொதுவுல விட்டிருச்சு. யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம், சல்லிசா வாங்கலாம். படிக்கிறதைத் தவிர வேற எதுக்கும் தடங்கல் சொல்ல முடியாது.

ஆனபடியால, வாழ்த்துரையை ஒண்ணாக் குறை. எழுத்தாளருக்கு ஒரு மணி நேரம், கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்கு. ஓசிப் பிரதிக்குப் பல்லைக் காட்டாம காசு கொடுத்துப் புஸ்தகம் வாங்கு. சுண்டலும் போடு, வேண்டாங்கல. மறுநாள் நாலு பேரு பாரதி கட்டுரைத் தொகுதி இருக்கான்னு நூலகத்துல வந்து கேட்டா நீ நடத்துனது கூட்டம். ஒருத்தரும் வரலைன்னா, பேரப்புள்ளை, நீ நடத்துனது வெறும் சுண்டல்தான்.