பிள்ளைகள் நிற்காமல் ஓடுவது தொடர்பாக

பெறுநர்:
மனிதவளத் துறைத் தலைவர்கள்,
பெரிய ஐ.டி. நிறுவனங்கள்,
ராஜீவ் காந்தி சாலை, சென்னை.
(பெங்களூரு, மைசூரு வளாகங்களுக்கும் பொருந்தும்.)

பொருள்: இளம் பட்டதாரிகளை வேலைக்கு இழுத்தலும் இருத்தி வைத்தலும் – தங்கள் சாதனைகளைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆஃபர் லெட்டர். பணியில் சேரும் நாள்: பின்னர் தெரிவிக்கப்படும்.

ஐயா / அம்மையீர்,

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை என்று தங்கள் மேலிடத்தார் மாநாட்டுக்கு மாநாடு கண்கலங்குவதை நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. கலங்கத்தான் செய்யும். 2022 ஜூன் மாத நிலவரப்படி, இன்ஃபோசிஸில் தாமாக வேலையை விட்டவர்களின் விகிதம், பன்னிரண்டு மாதக் கணக்கில், 28.4 சதவீதம். அடுத்த காலாண்டில் டி.சி.எஸ்ஸில் 21.5 சதவீதம். அதற்கு முந்தைய நிதியாண்டில்தான் டி.சி.எஸ். சுமார் ஒரு லட்சம் புதியவர்களையும், இன்ஃபோசிஸ் 85,000 பேரையும் வாரி எடுத்திருந்தன. ஆள் நிற்காததற்குக் காரணம் பிள்ளைகளின் குணம்தான் என்று தாங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அந்தக் குணத்தைத் திருத்தத் தாங்கள் எடுத்துவரும் நடவடிக்கைகளை மெச்சவே இக்கடிதம்.

முதலில், பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. 2022-இல் படிப்பை முடித்து இன்ஃபோசிஸின் ஆஃபர் லெட்டர் வாங்கிய ஒரு கூட்டம் 2024 அக்டோபரில்தான் மைசூரு வளாகத்துக்குள் கால் வைத்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் அந்த வீடுகளில் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் படித்த பிள்ளை இருக்கும் எவரும் சொல்வார்கள். கல்விக்கடன் தவணை நோட்டீஸ் வங்கியிலிருந்து நாள் தவறாமல் வரும், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் “இன்னும் கூப்பிடலையா?” என்பார்கள், இன்னொரு சின்ன வேலையில் சேர்ந்தால் இது போய்விடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் கூப்பிட்டார்கள். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பினார்கள். காத்திருந்தது இரண்டு வருடம், இருந்தது சுமார் நாலு மாதம். தேர்வு கடினமா சுலபமா என்பதைக் கற்றறிந்தோர் தீர்மானிக்கட்டும். அந்த இரண்டு வருட இடைவெளிக்கு அடுத்த இன்டர்வியூவில் அந்தப் பிள்ளை என்ன காரணம் சொல்வது என்பதை மட்டும் தாங்கள் எழுத்தில் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

அடுத்தது, எளிமை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லி எடுத்துப் பயிற்சியும் முடித்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதித்தால் உடனே சேரலாம் என்று மின்னஞ்சல் அனுப்பியது. நிச்சயதார்த்தத்தில் பேசிய நகையை முகூர்த்தத்துக்கு முதல் நாள் பாதியாகக் குறைத்தால் ஊரில் பஞ்சாயத்து கூடிவிடும். மின்னஞ்சலில் குறைத்தால் அது சந்தை நிலவரம். 2024 ஆகஸ்ட்டில் காக்னிசன்ட் ஒரு படி மேலே போய் ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தது. ஊர் சிரித்ததும், அது மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு, இன்ஜினீயர்களுக்கு அல்ல என்று விளக்கமும் தந்தது. பி.எஸ்ஸி., பி.சி.ஏ. படித்தவருக்குச் சோழிங்கநல்லூரில் சோறு மலிவு விலையில் கிடைக்கும் கடை எது என்பதை விளக்கம் சொல்லவில்லை.

சி.டி.சி. (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்னும் தங்கள் காவியத்தைத் தனியாகப் புகழ வேண்டும். ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் முப்பதாயிரம் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிடுகிறார். பிறகு பே-ஸ்லிப் வருகிறது. பிள்ளையின் பி.எஃப். 1,800 போகிறது, கம்பெனி போடும் பி.எஃப். 1,800-உம் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியம் அதற்குள். வேரியபிள் பே அதற்குள். கம்பெனி நன்றாக ஓடினால் அது கிடைக்கலாம். தொழில்வரி தனி. கையில் நிற்பது இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆயிரம். துரைப்பாக்கத்தில் மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறையில் ஒரு கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் எட்டு, ஒன்பதாயிரம் போய்விடும்.

அந்தத் தாளில் கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உச்சம். நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடித்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். பலர் அதற்குள் போய்விடுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தரப்போவதில்லை என்று தெரிந்த பணத்தையும் முதல் நாளே சம்பளமாக எழுதிக் காட்ட ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

உழைப்பு பற்றிய உபதேசங்களும் வந்து சேர்ந்தன. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் கேட்டார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்கு உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். அந்த நிறுவனத்தின் மனிதவளத் தலைவரே லிங்க்டுஇன்னில் சமாதானம் எழுத வேண்டியதாயிற்று. தங்கள் துறையினர் படும் பாடு அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. அடுத்த மாதமே சென்னையில் நடந்த இந்தியத் தொழில் கூட்டமைப்பின் (சி.ஐ.ஐ.) கூட்டத்தில், சென்னைக்காரரை டெல்லிக்குப் போகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார் என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். சொந்தக் கேள்விக்குச் சொந்த வாயாலேயே ஒரு மாதம் முன்பு பதில் சொல்லிவிட்டதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை போலும்.

இதற்கு நடுவே இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் 2024-25 நிதியாண்டில் பெற்ற ஊதியம் 80 கோடி ரூபாய்க்கும் மேல். பொறுமைப் பயிற்சி எல்லா மாடிக்கும் இல்லை என்று தெரிகிறது.

டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஊழியர் ஆண்டுக்கு 225 நாள் வாடிக்கையாளர் கணக்கில் இருக்க வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது. புராஜெக்ட் பிடிக்க வேண்டியது யார் பொறுப்பு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியடும் அப்படித்தான்: விட்டுப் போகிறவர் மூன்று மாதம் இருந்து கொடுக்க வேண்டும், மைசூரில் வெளியே போகச் சொன்னவர்களை அன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று செய்தி. இன்னும் சின்னக் கம்பெனிகள் சில, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி பீரோவில் பூட்டிக்கொள்கின்றன. ஆளை நிறுத்தி வைக்க அதைவிடச் செலவு குறைந்த வழி இல்லைதான்.

இதே தமிழ்நாட்டில் வேறு மாதிரி நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்களில் சுமார் 70 பேர் முப்பது வயதுக்குக் கீழே என்றார் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம். பங்கில் ஒரு பங்கு ஊழியர் கையில் இருந்தது, அவ்வளவுதான் சூட்சுமம். ஐடியாஸ்2ஐடி என்ற சென்னை நிறுவனம் 2022-இல் நீண்டநாள் இருந்த 100 பேருக்கு கார் கொடுத்தது. ஸோஹோ பட்டமே கேட்காமல், பள்ளி முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, அவர்களையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலேயே அலுவலகமும் வைத்திருக்கிறது. ஊரை விட்டு வர மாட்டேன் என்பவரிடம் ஊருக்கே வேலையைக் கொண்டுபோனால் சண்டை பாதி தீர்ந்தது. எல்லா நிறுவனத்தாலும் இதெல்லாம் முடியாது என்பது நியாயம். கார் யாரும் கேட்கவுமில்லை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியதாகக் கேட்டுக்கொள்வது: ஆஃபர் லெட்டரில் சேரும் தேதியைப் போடுங்கள். போட்ட தேதி தள்ளினால் தள்ளிய மாதங்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுங்கள். கையில் வரும் தொகையை முதல் வரியில் எழுதுங்கள். கடைசியாக ஒன்று: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தங்கள் ரிலீவிங் லெட்டரில் இன்னமும் 45 நாள் என்றிருந்தால், அதைத் திருத்திவிடவும்.

இப்படிக்கு,
ஆஃபர் லெட்டரை லேமினேஷன் செய்து வைத்திருக்கும் பெற்றோர்கள் சார்பாக.