செருப்புக் காலும் முப்பத்துமூன்று பீ.எஸ்.ஐ.யும்

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ரயரை உதைத்தால் அது என்ன பதில் சொல்லுகிறது?

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணவீடு. அங்கே போக நாயாற்றுப் பாலத்தடிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. பின் சில்லொன்று கொஞ்சம் பரந்து குந்தியிருந்தது. "தம்பி, காத்துப் பாத்தனீரோ?" என்றேன். தம்பி இறங்கிச் செருப்புக் காலால் ஒரு உதை விட்டார். "கல்லு மாதிரி இருக்கண்ணை, ஏறுங்கோ."

சட்டைப்பைக்குள் இருந்த கேஜை எடுத்தேன். பட்டு வேட்டிக்கு அது பொருந்தாது என்பது வீட்டுக்காரியின் நெடுநாள் அபிப்பிராயம். வால்வுக்கு மூடி இல்லை. நாயாற்று மணல் மட்டும் இருந்தது. ஊதிவிட்டு வைத்தேன். 21. இருக்க வேண்டியது 33. தம்பி கேஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பழசோ அண்ணை?"

அந்தச் சூடு எனக்கு இன்னும் இறங்கவில்லை. ஸ்பெயார் சில்லைப் பற்றி உருப்படியாக நாலு வரி எழுதத்தான் குந்தினேன். அது இன்னொரு நாளைக்கு. முதலில் இந்த உதையை முடித்துவிடுவோம்.

கார் வாங்க வந்தவர் உதைத்தால் அது விலை குறைக்க. உதட்டைப் பிதுக்கி "நாலும் மாத்தோணும்" என்பார். விற்கிறவரும் அதே ரயரை அதே இடத்தில் உதைத்து, "இன்னும் ரெண்டு வரியம் ஓடும்" என்பார். மீன் ஏற்ற வரும் லொறிக்காரர் பெட்டி ஏற்ற முதல் ஒரு உதை, ஏற்றின பிறகு ஒரு உதை. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் கண்டார் என்று ஒருவரும் கேட்டதில்லை. சாரதி ஆசனத்தில் ஒருநாளும் இருந்தறியாத சித்தப்பாமார்தான் ஆக உரத்து உதைப்பார்கள். முறிகண்டியில் இறங்குகிறவர்கள் தனி இனம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரை வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டபடி வாகனத்தைச் சுற்றி வந்து நாலு சில்லுக்கும் நாலு உதை. கச்சான் மிஞ்சினால் பக்கத்தில் நிற்கிற வானுக்கும் இரண்டு. அந்த வான்காரரும் கோபிக்கமாட்டார், நன்றியோடு பார்ப்பார்.

ஐரோப்பாவிலிருந்து வரும் மச்சான்மாரையாவது நம்பலாம் என்று இருந்தேன். அங்கே 2014 நவம்பருக்குப் பிறகு விற்ற புதுக் கார் எல்லாவற்றிலும் காற்றுக் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். கட்டுநாயக்காவில் இறங்கியதும் மச்சான் செய்த முதல் வேலை, வந்து நின்ற வானின் முன் ரயருக்கு ஒரு உதை. கால் மறக்கவில்லை.

உள்ளே கம்பி வைத்துக் கட்டின ரேடியல் ரயர் 21இலும் 33இலும் செருப்புக்கு ஒன்றாகத்தான் தட்டுப்படும். உதை தரக்கூடிய ஒரே தகவல், சில்லு இன்னும் களவு போகவில்லை என்பது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் படுத்த பாயிலேயே நோய் சொல்லுவோம். காற்றுக்கு மட்டும் கால்!

காற்றுக் குறைந்த ரயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். மடிகிற இடத்தில் சூடு பிறக்கும். ஐந்து பேரையும் பலகாரப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மாங்குளம் தாண்டி ஏ9இல் மத்தியான வெயிலில் மிதித்தால், உள்நூல் விட்டு வெடிக்கும். வெடித்த பிறகு தீர்ப்பு என்ன? "வெக்கைக்குக் காத்துக் கூடிப்போச்சு." அடுத்த பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். ஓடின ரயரில் நாலைந்து பீ.எஸ்.ஐ. ஏறத்தான் செய்யும்; ரயர் செய்தவனுக்கு அது தெரியும். விடிய, ஓட முதல் பார் என்பது அதற்குத்தான்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கமும் இருக்கிறது. தம்பியின் காரில் 3214. 2014ஆம் ஆண்டின் 32ஆம் கிழமையில் செய்தது. மாப்பிள்ளை அப்போது ஓ.எல். படித்துக்கொண்டிருந்தார். பூவுக்கு நடுவில் குறுக்காக ஒரு சின்ன மேடு உண்டு, உயரம் 1.6 மில்லிமீற்றர். தேய்ந்து அதோடு சமன் வந்தால் ரயர் முடிந்தது. தம்பியின் ரயரில் மேட்டைத் தேடினேன்; அதுவே ஆக உயர்ந்த இடமாகிவிடும் போலிருந்தது. "பிடிப்பு நல்லாயிருக்கண்ணை" என்றார்.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதை ரயரில் தேடாதேயுங்கள். அதில் இருப்பது உச்சம். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்ரிக்கர் இருக்கும். கார் ஜப்பானிலிருந்து வந்தது, எழுத்து விளங்காது, விளங்கத் தேவையில்லை. 230 என்றிருந்தால் 6.9ஆல் பிரியுங்கள், 33 பீ.எஸ்.ஐ. வரும். முள்ளியவளையில் காத்தடிக்கிற பொடியன் "எவ்வளவு?" என்று கேட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் தம்பி சொன்னதுபோல "போதுமான அளவு அடி" என்று சொல்லாதேயுங்கள்.

பொடியன் அடித்துவிட்டுப் போதுமோ என்று எப்படிப் பார்ப்பான் என்று நினைக்கிறீர்கள்?